உணர்ச்சிகளை இங்கிலீஷில் வைத்திருப்பவர்

மனிதர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. இவர்களுக்குப் பசி தமிழில் வரும், தலைவலி தமிழில் வரும், வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்றால் அட்சரசுத்தமான தமிழில் வசவு வரும். பெற்ற பெண் பரீட்சையில் தேறிவிட்டேன் என்று வந்து நின்றால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, 'ப்ரௌட் ஆஃப் யூ' என்பார்கள். அத்தோடு சரி. அதற்கு மேல் கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்கள்.

இந்த ரகத்தார் எந்த உணர்ச்சியையும் மூன்று துண்டாகத்தான் வைத்திருப்பார்கள். முதலில் ஒரு மனநிலை, நடுவில் ஒரு பொடிச் சொல், கடைசியில் ஓர் ஆள், அல்லது 'இட்' என்று ஒரு மூடி. ஆங்ரி வித் ஹிம். ஹாப்பி ஃபார் ஹெர். சாரி அபவுட் இட். ரயில் பெட்டிகளைப் போலக் கோத்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். உள்ளே பயணி இருக்கிறாரா என்று யார் பார்க்கிறார்கள்?

நமக்குத் தெரிந்தவர்களில் தலைசிறந்த மாதிரி அவேர் சார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்குத் தலைவர். எந்தப் புகார் வந்தாலும் அவருடைய பதில் 'வி ஆர் அவேர் ஆஃப் இட்' என்று தொடங்கும் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. நடுவில் வரும் அந்தப் பொடிச் சொல்தான் அவருடைய ராஜ்யம். ஒரு முறை, காய்கறிப் பையோடு இரண்டு மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், 'ஐ ஆம் ஆங்ரி ஆன் யூ' என்று கொதித்து எழுதியிருந்தார். அவேர் சார் சிவப்புப் பேனாவை எடுத்து 'ஆன்' என்பதை அடித்தார், மேலே 'வித்' என்று எழுதினார், "படிச்ச மனுஷன், பாவம்" என்று உச்சுக்கொட்டினார், கடிதத்தைக் கோப்பில் வைத்தார். லிஃப்ட்? அது கோப்பில் இல்லை.

போன மாதம் மெக்கானிக் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"சார், மாமியாருக்கு ஆபரேஷன். ஐ ஆம் வொரீட் ஆன் ஹெர். அரை நாள் லீவு வேணும்."

"அபவுட் ஹெர்."

"சரி சார், அபவுட் ஹெர். போகட்டுமா?"

"முழுசாச் சொல்லிட்டுப் போங்க."

முழுசாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினார். மாமியாருக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை, வாக்கியம்தான் குணமாகிவிட்டதே!

ஆபீஸோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அவர் மனைவி கணக்கு டீச்சர். "சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுங்க" என்று அந்த அம்மாள் சொன்னால், "ஐ ஆம் அவேர் ஆஃப் இட்" என்பார். குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது. மூன்று மாதமாக அவரும் அவேராகத்தான் இருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த டீச்சர் ஓய்வு பெறுகிறார். பள்ளிக்கூடத்து மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி. நாலு மணிக்கு வருவதாக அவேர் சார் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு அவர் மேஜையில் ஒரு பதில் கடிதம் கிடந்தது. 'கன்சர்ன்ட் வித்' போடுவதா, 'கன்சர்ன்ட் அபவுட்' போடுவதா? அகராதியை எடுத்தார். இன்னொரு அகராதியை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது மணி ஆறு. மேடையில் அத்தனை பேரும் பேசி முடித்து, படம் எடுத்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். படத்தில் டீச்சர் இருக்கிறார், பூங்கொத்து இருக்கிறது, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியும் தெளிவாக விழுந்திருக்கிறது.

அவேர் சார் பதறிப்போய் ஃபோனில் ஒரு செய்தி தட்டினார்: 'ப்ரௌட் ஆஃப் யூ. சாரி அபவுட் இட்.'

அன்றோடு டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டு வரும், காபி வரும், சொல் வராது. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு: 'இன்று ஐந்து மணி பஸ். அக்கா வீட்டில் ஒரு மாதம்.' மனிதர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். டீச்சர் போட்ட கணக்கு எதுவும் தப்பியதில்லை. ஒரு மாதம் என்று எழுதினால் அது முப்பது நாள். அதற்குப் பிறகு என்ன என்று சீட்டில் இல்லை.

ஆபீஸில் மத்தியானம்வரை இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏழு வரைவு. ஏழையும் தட்டச்சு செய்த ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்குப் போய் வாயால தமிழ்ல சொல்லிடுங்களேன்."

"தமிழ்லயா? அது... கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குமேம்மா."

"ஒரு மாதிரி இருந்தாத்தான் சார் அது மன்னிப்பு."

கிளம்பினார். ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கும் லிஃப்டில் வேறு யாரும் இல்லாததால் ஒத்திகை பார்த்தார். "மன்... மன்னி..." சொல் அங்கேயே நின்றது. மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்டும் நின்றது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. அவேர் சார் மணியை அழுத்தினார். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் கன்ட்ரோல் ரூம் பெண்ணின் குரல் தேனாக வந்தது.

"வணக்கம். வி ஆர் அவேர் ஆஃப் இட்."

"ஏம்மா, நான்தாம்மா! புகார்ப் பிரிவு!"

"வி ஆர் சாரி அபவுட் இட், சார். வி ஆர் கன்சர்ன்ட் அபவுட் யூ."

"அதெல்லாம் இருக்கட்டும்மா, ஆள் வருதா இல்லியா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அது இந்தத் தாள்ல இல்ல சார்."

அந்தத் தாளை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவேர் சாருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வேர்த்தது, பிறகு அந்த இருட்டில் அவமானமாக இருந்தது. அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவருக்குச் சுவரோடு பேசுவதுபோல் இருந்தது. மூன்று மாதமாக, ஏன், கல்யாணமான இருபத்தெட்டு வருஷமாக, வீட்டில் ஒருத்திக்கு இப்படித்தானே இருந்திருக்கும்?

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவிடுக்கில் ஒரு டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"சார்! உள்ள நீங்களா? பயப்படாதீங்க, நான் இருக்கேன். பத்தே நிமிஷம்."

லீவு கேட்ட அதே மெக்கானிக். 'நான் இருக்கேன்.' இரண்டே சொல்; நடுவில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. அவேர் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமியார் எப்படி இருக்காங்கப்பா?" என்று இடுக்கு வழியாகக் கேட்டார்.

"எழுந்து நடக்குறாங்க சார்" என்றார் மெக்கானிக்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலேகால். டீச்சர் பைக்குள் கடைசிப் புடவையை வைத்துக்கொண்டிருந்தார். அவேர் சார் வாசற்படியிலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"மன்னிக்கவும்."

பழுதான இயந்திரத்தில் ஒட்டிய அறிவிப்புப் பலகையைப் படித்ததுபோல் இருந்தது. இருந்தாலும் டீச்சர் திரும்பினார். ஒன்பது நாளில் முதல் சொல் வந்தது.

"எதுக்கு?"

பிடித்தாரே பிடியை! இத்தனை நாளாக அவேர் சார் 'இட்' என்று ஒரு மூடியைப் போட்டு மூடிவைத்திருந்தாரே, அதைத் திறந்து காட்டச் சொல்கிறார் டீச்சர்.

"உன் பக்கத்து நாற்காலி... காலியா இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் வேல பாத்துட்டு நீ எறங்குற அன்னிக்கு நான் ஒரு உதவாக்கரை லெட்டர்ல ஒரு சொல்ல மாத்தி மாத்திப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அந்தப் படத்த எத்தன தடவ பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பையின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினார்.

"ஐ ஆம் அவேர் ஆஃப் இட்" என்றார்.

அவேர் சாருக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் டீச்சரின் உதட்டோரத்தைக் கவனித்தார்.

"நிக்காதீங்க, பையத் தூக்குங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு மாசம்னு எழுதியிருந்தேன். குழாயச் சரி பண்ணிட்டு ஃபோன் போடுங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

அவர் கதை இருக்கட்டும். நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் அப்படிச் சிரித்தீர்கள்? வீட்டில் ஒருவரிடம் 'மன்னிச்சிடு' என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? 'சாரி' கணக்கில் சேராது. பிள்ளையைக் கூப்பிட்டு, 'உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு' என்று எப்போது சொன்னீர்கள்? கட்டைவிரலைத் தூக்கும் படம் அனுப்பியதும் சேராது. வேண்டுமானால் இப்போதே எழுந்து பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லிப் பாருங்களேன். என்ன, தொண்டையைச் செருமுகிறீர்கள்? ஒரு மாதிரி இருக்கிறதா? சரி, இன்றைக்கு வேண்டாம், விடுங்கள். எதற்கும் உங்கள் வீட்டுச் சமையல்கட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்று மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.