சரிவில் அளந்த ஆயில்

மதிப்பிற்குரிய தாய்மாமா அவர்களின் சமூகத்துக்கு,

ராணுவப் பணிமனையில் ஒப்பந்த மெக்கானிக்காக இருக்கும் தங்கள் தங்கை மகன் பணிவுடன் எழுதுவது. நான் சுகம். என் இடுப்பு மட்டும் என்னோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. தாங்களும் அத்தையும் சுகமாகவும், தங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள்ளும் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

இந்த வேலையில் சேர என்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று ஜன்னல் வழியாக என்ன சொன்னீர்கள்? "கையை மட்டும் ஆட்டு, வாயை ஆட்டாதே. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இரு, நிரந்தரம் பண்ணிடுவாங்க." பதினோரு மாதம் கடித்துவிட்டேன் மாமா. மீதி ஒரு மாதத்துக்குப் பல் இருக்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

விஷயம் ஒரு பத்துச் சக்கர லாரி. கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் தானாக மாறும். அதை ஓட்டுபவருக்கு இங்கே 'தொட்டில்' என்று பெயர். இருபது வருடமாக அவர் வண்டியில் பின்னால் ஏறியவர்கள் எல்லாம் தூங்கித்தான் இறங்கியிருக்கிறார்கள். அந்தத் தொட்டில் அண்ணன் நாலு மாதத்துக்கு முன் வந்து, "மேட்டுல ஏறினா இன்ஜின் கத்துது தம்பி, வண்டி நகர மாட்டேங்குது. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார். எங்கள் ஃபோர்மேன் கொட்டகை வாசலில் நின்ற லாரிக்குள் தலையை விட்டு, கியர் பாக்ஸில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். "ஆயில் ஃபுல். அப்போ பாக்ஸ் அவுட். எழுதிக்கோ." நோய் கண்டறிதல் முடிந்தது. மூக்கைச் சிந்தக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும்.

புது பாக்ஸ் வர இரண்டு மாதம். வந்த பிறகு ஷாஃப்டைக் கழற்றி, ஆயில் குழாய்களைக் கழற்றி, செயின் பிளாக்கில் கட்டி, நாலு பேர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு எருமை எடையுள்ள பாக்ஸை நெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டு இறக்கினோம். இறக்கியதும் அடித்தட்டைத் திறந்து பார்த்தேன். ஆயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. தீய்ந்த வாடை இல்லை, ஒரு துளி இரும்புத் தூள்கூட இல்லை. "இது நல்ல பாக்ஸ் சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "புதுசு வந்து இறங்கிடுச்சில்ல? இப்போ பழசு நல்லா இருக்குன்னா நான் எங்கே போய் நிக்கிறது? மாட்டுடா" என்றார். மாட்டினோம். குச்சி 'ஃபுல்' காட்டும்வரை ஆயில் ஊற்றினோம். தொட்டில் அண்ணன் மேட்டில் ஏற்றினார். இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை.

இப்போது சொல்லுங்கள் மாமா, இரண்டு பாக்ஸும் கெட்டதென்றால் யார் மேல் தப்பு? அலுவலகத்தில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். முரட்டுத்தனமாக ஓட்டி பாக்ஸைக் கெடுக்கிறானாம், யார், தொட்டில்! அவருடைய லைசென்ஸைப் பறித்து வேலையைவிட்டு அனுப்ப ஒரு ஃபைல் தயாராகிவிட்டது. அதில் பாக்ஸை மாட்டிய மெக்கானிக்கின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதாவது என் கையெழுத்து.

என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, லாரியையே சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் ஆயில் டிரம்மைப் பார்த்தேன். லாரியோடு வந்த புத்தகத்தில் முப்பது லிட்டர் என்று போட்டிருக்கிறது, நாங்கள் ஊற்றியது இருபத்துநாலு. குச்சியோ ஃபுல் என்கிறது. கையிலிருந்த பால்ரஸ் இரும்புக் குண்டு ஒன்று கீழே விழுந்தது. விழுந்தது நிற்காமல் கேட்டை நோக்கி ஓடியது. பின்னாலேயே நானும் ஓடினேன். எங்கள் கொட்டகை வாசல் முழுக்கச் சரிவு மாமா! டீ கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொடுமே, அதுதான். லாரி மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, ஆயில் முன்னால் ஓடி வருகிறது, முன்னால் இருக்கும் குச்சி ஃபுல் என்று பொய் சொல்கிறது. மேட்டில் ஏறினால் இருக்கிற ஆயிலும் பின்னால் போய்விடும். பம்ப் காற்றைக் குடிக்கும்.

சமதளத்தில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த வளாகத்தில் சமதளம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அலுவலகத்துக்கு முன்னால், வெள்ளைக் கோடு போட்ட சிமெண்ட் சதுரம். பெரிய அதிகாரி வந்தால் அதில் நிற்பார். அவர் நாலு மாதமாக வரப்போகிறார், வரப்போகிறார் என்பதால் அதில் ஒரு டயர்கூடப் படக்கூடாது. வேலை செய்கிறவனுக்குச் சரிவு, சல்யூட் அடிக்கிறவனுக்குச் சமதளம்.

எங்கள் பணிமனை அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிரூபிக்க வாசலில் குண்டை உருட்டிக் காட்டினேன். அவர் அதை ஷூவால் நிறுத்தினார்.

"இது ஸ்டோர் லிஸ்ட்ல இருக்கா?"

"சார், அஞ்சு நிமிஷம் மட்டும் லாரியை அந்தச் சதுரத்துல..."

"பெயின்ட் போன வாரம்தான் அடிச்சது. நீ கையெழுத்துப் போடலேன்னா மாட்டினவன் தப்புன்னு எழுதிடுவேன். நிரந்தரம் வேணுமா, வேண்டாமா?"

திரும்பி வந்தால் தொட்டில் அண்ணன் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போட்டுடு தம்பி. உனக்கு வயசு இருக்கு, கெடுத்துக்காதே. எனக்கு இதைத் தவிர ஒண்ணும் தெரியாதுதான், பார்த்துக்கலாம்" என்றார். இப்படிப் பேசுகிறவர் நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாகப் போட்டிருப்பேன்.

யோசித்துப் பார்த்தேன் மாமா. தாங்கள் எத்தனை பேர் காலைப் பிடித்து இந்த வேலையை வாங்கித் தந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வார்த்தையைத் தட்ட மாட்டேன். நாளை காலை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அம்மாவிடம் நிரந்தரம் ஆகிவிடும் என்று சொல்லிவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், சின்னவளுக்கு என் அன்பு, தங்கள் இரு பாதங்களுக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
வாயை ஆட்டாத தங்கள் மருமகன்

பின்குறிப்பு: வாயை ஆட்டவில்லை. ஸ்டியரிங்கைத்தான் ஆட்டினேன். காலையில் பேனாவை எடுத்ததும் கை லாரிச் சாவியைப் போய் எடுத்துவிட்டது. சதுரத்தின் நட்ட நடுவில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, குச்சியை உருவினேன். நுனியில் மட்டும் ஆயில். அதே நேரத்தில் பெரிய அதிகாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்தது, நாலு மாதமாக வராத மனிதர்! அவர் பார்க்கப் பார்க்க ஆறு லிட்டர் ஊற்றினேன். தொட்டில் அண்ணன் ஃபோர்மேனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஃபோர்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியில் கோளாறே இல்லை என்பதால் அண்ணன் மேல் போட்ட ஃபைலை மூடிவிட்டார்கள். எனக்குத் திறந்துவிட்டார்கள். மத்தியானமே என் கையில் வேலைநீக்க உத்தரவு. காரணம்: 'வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தியது.' அதில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், நானே நேரில் வருகிறேன். மாடி அறையில் அத்தை அடுக்கியிருக்கும் சாமான்களைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கள். பஸ் நிலையம்வரை அண்ணன் அதே லாரியில் கொண்டுவிடுகிறார். இந்தப் பின்குறிப்பை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியில் அட்டையை வைத்துக்கொண்டு, மேடு ஏறும்போதுதான் எழுதுகிறேன். ஓர் எழுத்தாவது கோணியிருக்கிறதா, பாருங்கள்.