மாற்றிய வாசகம் நாக்கில் நிற்காதது பற்றி வெல்டா அக்காவுக்கு

மாண்டி, யூட்டா
அக்டோபர் 20, ஞாயிறு

அன்புள்ள வெல்டா அக்காவுக்கு,

உன் தம்பி ஆர்வெல் எழுதுவது. நானும் நெட்ராவும் தேவ கிருபையால் சௌக்கியம். மிசௌரி குளிரில் உன் முழங்காலும் அத்தானுடைய காதும் மேற்கொண்டு மோசமாகாமல் இருக்க இங்கே தினமும் ஜெபிக்கிறோம். வான்கோழிப் பண்ணையைப் பக்கத்து வீட்டு கார்த்துக்கு விற்றுவிட்டேன். எனவே வழக்கமாக இந்த இடத்தில் கோழிகளின் நலம் எழுதுவேனே, அது இனி இருக்காது.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் வந்து ஒரு மாதம் தங்குங்கள், மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். மன்னித்துக்கொள் அக்கா, வர முடியாது. வரும் வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. எழுபத்தாறு வயதில் என்ன பரீட்சை என்று நீ சிரிப்பாய். அதில் தோற்றால் முப்பத்தாறு வருடமாகச் செய்துவரும் ஆலய ஊழியத்திலிருந்து, கைகுலுக்கி, நன்றிக் கடிதமும் கொடுத்து, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஆண்கள் பகுதியில் முதல் சடங்கின்போது ஊழியர் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று நான் எழுத மாட்டேன். ஆலயத்துக்கு வெளியே அதைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவன் நான். அத்தானைக் கட்டிக்கொண்டு நீ போய்ச் சேர்ந்த சபைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நத்தை ஓடு மாதிரி முறுக்கிய கோபுரத்துக்குக் கீழே கதவைத் திறந்து வைத்து, அனுமதி அட்டைகூடக் கேட்காமல், வந்தவனையெல்லாம் உட்காரவைத்து உலக சமாதானத்துக்கு ஜெபம் செய்து அனுப்பிவிடுகிறீர்கள். ஒரே தீர்க்கதரிசியிடமிருந்து கிளம்பியவர்கள்தான் நாம் எல்லோரும். அத்தானுடைய முன்னோர் மேற்கே வராமல் அங்கேயே தங்கியதால் மனப்பாடத்திலிருந்து தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஊழியத்துக்குச் சேர்ந்தது எண்பத்தெட்டில். ஆறு மாதம் முட்டி மோதிப் படித்தேன். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும் என்ற நிலைக்கு வந்தபோது தொண்ணூறில் மாற்றினார்கள். சரி என்று புதிதாகப் படித்தேன். பதினைந்து வருடம் நிம்மதி. பிறகு 2005-ல் முதல் சடங்கின் முறையையே மாற்றினார்கள். அதையும் படித்தேன். 2019-ல் மறுபடியும், அந்த மை காய்வதற்குள் 2023-ல் இன்னொரு தரம். இதற்கிடையில் நம் மாண்டியில் அறை அறையாக நடந்து நாங்களே பேசி நடித்துக் காட்டியதெல்லாம் போய்த் திரைப்படம் வந்துவிட்டது. நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார்களாம், இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்கள் பக்கத்திலும் மாறியது. முகத்தை மூடும் திரை வேண்டாம் என்றானபோது நெட்ரா, "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் காத்து வருது" என்றாள். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிவது சம்பந்தமாக ஒன்றை மாற்றினார்கள், அது பத்திரிகையிலேயே வந்ததால் நீயும் படித்திருப்பாய். அதற்கு அவள், "நம்ம வீட்டுல இத எழுபத்தொம்பதுலயே மாத்தியாச்சே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நான் குறை சொல்லவில்லை அக்கா. தேவன் பேசினால் மாறுவது என்பதுதான் எங்கள் சபை, பேசாத தேவன் வேண்டுமென்றால் வேறு சபைகள் எத்தனையோ இருக்கின்றன. என் சண்டை தீர்க்கதரிசியோடு இல்லை, என் நாக்கோடு. வாசகம் எழுதிய தாள் ஆலயத்தைவிட்டு வெளியே வராது. உள்ளே சின்ன அறையில் உட்கார்ந்து படித்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நானும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறேன். கார் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் பாதி இறங்கிவிடுகிறது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, 1811-ல் டென்மார்க்கில் இறந்துபோன செருப்புத் தைப்பவர் ஒருவருக்காக, அவருக்குப் பதிலாகச் சடங்கை ஏற்றுக்கொள்ள, எஃப்ரைம் ஊர்ப் பையன் ஒருவன் வந்து நின்றான். நான் வாயைத் திறந்தேன். வர வேண்டியது வரவில்லை, வரக் கூடாதது வந்தது. அது இன்னது என்றும் உன்னிடம் சொல்ல முடியாது, அதற்குப் பதிலாக எது வந்திருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஷிப்டைப் பார்த்துக்கொள்ளும் பிரதர் ஆஸ்ட்லர் பல் டாக்டர். வலிக்காமல் பிடுங்கிப் பழகியவர். ஓரமாகக் கூப்பிட்டு, "பிரதர் லாரிட்சன், இன்னிக்குத் தொண்ணூறுக்கு முந்தினது வந்துடுச்சு" என்றார். "அந்த செருப்புத் தைக்கிறவர் செத்து இருநூறு வருஷம் ஆச்சு பிரதர், அவருக்குப் பழசே பிடிச்சிருக்கும்" என்றேன். "அவர் கேக்கறாரோ இல்லையோ, நான் கேட்டுட்டேனே" என்றார். திரும்பவும் செய்தோம். திரும்பவும் பழையதே வந்தது. மூன்றாவது தரம் இன்னொருவர் வந்து செய்து முடித்தார். அதற்குப் பிறகு மூன்று முறை கெடு கொடுத்துவிட்டார், பாவம். வெள்ளிக்கிழமைதான் கடைசி.

நெட்ராவைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெண்கள் பக்கத்தில் அவள் இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டாள். வியாழக்கிழமை ஐந்து மணி நேரம் ஊழியம் செய்துவிட்டு, களைப்பே இல்லாமல் குளித்து எழுந்தவள் மாதிரி வெளியே வருகிறாள். இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே மனதுக்குள் ஓட்டிப் பார்த்து ஓரிடத்தில் நின்றுவிடுவேன். "நெட்ரா, அதுக்கு அடுத்த வார்த்தை..." என்று ஆரம்பிப்பேன். "வீட்டுல வச்சு சொல்லக் கூடாதுங்க" என்று சிரித்துக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள். இரண்டு பகுதியிலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் இரண்டடி தூரத்தில் விடையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். விசுவாசம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வாய்விட்டுப் படிக்க முடியாததால் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன். அதன் பலனையும் கேள். சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் உள்ளூர்ச் சபையைச் சேர்ந்த நர்ஸ் டெல்சா பார்த்துவிட்டாள். பக்கவாதம் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு, "பிரதர் லாரிட்சன், ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லுங்க, எதுவா இருந்தாலும் பரவால்ல" என்றாள். அந்த நேரத்தில் என் தலையில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை அங்கே சொல்ல முடியாது. வேறு வாக்கியம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. நான் பேசாமல் விழித்ததும் அவள் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படம் எடுத்துப் பார்த்து, மூளையில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். அவர் நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார்.

இது போதாதென்று போன திங்கள்கிழமை தம்பி ஓரின் வந்து நின்றான். அரிசோனா எல்லையில் பழைய முறைப்படி வாழ்கிறவர்களோடு அவன் போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. இரண்டு மனைவிமாரையும் வேனில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க ஆளுங்க மாத்தி மாத்தி எல்லாத்தையும் பாழாக்கிட்டாங்க. எங்ககிட்ட ஒரு எழுத்து மாறல."

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு தூரம் வந்தே?"

"எது மாறலைங்கறதுலதான் தகராறு. பெரியவங்க ரெண்டு பேர், ரெண்டு பேரும் மாறலைன்னுதான் சொல்றாங்க. ஆனா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உனக்குத் தொண்ணூறுக்கு முந்தினது அப்படியே வருதாமே. வந்து ஒரு தடவ சொல்லிட்டுப் போ. உனக்கு அங்க ராஜ மரியாத."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மனசு ஆடிப்போயிற்று. எனக்கு என்ன மறக்கவில்லையோ அது வேண்டுமென்று கேட்கிற இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறதே. சொல்லக் கூடாதுதான், சும்மா மனதுக்குள் நினைத்துப் பார்ப்போமே என்று பழைய வாசகத்தை எடுத்தேன். அக்கா, வந்தது புதியது. முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பிசகு இல்லாமல். ஓரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் நான் மனம் இளகிவிட்டதாக நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வேன் மெயின் ரோட்டில் திரும்பியதும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், பழையதுதான் வந்தது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நான் தோற்கப் போவதில்லை. வியாழக்கிழமை விடிவதற்கு முன் நானும் நெட்ராவும் ஒரே காரில் போய், அவள் அந்தக் கதவிலும் நான் இந்தக் கதவிலுமாக நுழைவதை முப்பத்தாறு வருடமாகச் செய்கிறோம். அவள் உள்ளே போக, நான் காரில் உட்கார்ந்து காத்திருப்பது என்னால் ஆகாது. அதனால் இன்னும் ஒரு கெடு கெஞ்சியாவது வாங்குவேன், கிறிஸ்துமஸ்வரை எங்கும் அசைய மாட்டேன். நெட்ராவும் அவளுடைய ஊழியத்தை விட்டு வர மாட்டாள், அவள் இல்லாமல் பெண்கள் பகுதி நடக்காது. மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல். உன் சபையில் நீயே ஆசீர்வாதம் சொல்லும் பதவியில் இருப்பதால் தம்பிக்காக அங்கிருந்தே ஒன்று சொல்லிவை, எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இந்தச் சமயத்தில் வாங்கிக்கொள்வேன்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஆர்வெல் லாரிட்சன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை வைத்து எதுவும் செய்துவிடாதே. பிழை பார்க்க வழக்கம்போல் நெட்ராவிடம் கொடுத்தேன். "பெண்கள் பகுதி நடக்காது" என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். அவளை ஊழியத்திலிருந்து விடுவித்து ஐந்து வாரம் ஆகிறதாம். அவளுக்கும் 2005-க்கு மேல் நாக்கு நகரவில்லையாம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வியாழனும் என்னோடு கிளம்பி, மற்றவர்களைப் போல அட்டையைக் காட்டி உள்ளே போய், யாரோ ஒரு செத்த பெண்ணுக்காகச் சடங்கில் உட்கார்ந்துவிட்டு, என் நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறாள். "என்னப் பாத்துத்தானே விடாம படிக்கறீங்க. நானே தோத்துட்டேன்னு தெரிஞ்சா நீங்களும் விட்டுடுவீங்கன்னு பயந்தேன்" என்றாள். பிரதர் ஆஸ்ட்லருக்கு இப்போதுதான் போன் செய்து வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் குரலில் இருந்த நிம்மதியை நீ கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை கிளம்புகிறோம், மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. அதற்கு முன், வியாழக்கிழமை இரண்டு பேரும் அட்டையைக் காட்டிச் சடங்குக்குப் போகிறோம். சொல்ல எதுவும் இல்லாமல் அங்கே என்னதான் செய்வது என்று கேட்டேன். "சும்மா உக்காந்து கேளுங்க" என்றாள், "அஞ்சு வாரமா கேக்கறேன், புதுசு நல்லாத்தான் இருக்கு."