கண்ணு மேஸ்திரிக்குத் துணைக்குப் போனவர்கள்

விருத்தாசலத்தில் கண்ணு மேஸ்திரி அளவுக்குத் தெளிவான மனிதர் இன்னொருவர் கிடையாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இத்தனைக்கும், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று ஊருக்கே தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "இது மூளைக்கு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுவார். நின்றவர் வடையோடு இரண்டடி தள்ளிப் போவார். "ஒட்டிக்காதுங்க" என்பார் மேஸ்திரி.

செராமிக் பேட்டையில் பொம்மை ஷெட் ஒன்றில் அவருக்குப் பிரஷ் வேலை. சூளையில் வெந்து வரும் பிள்ளையார், மாதா, போலீஸ்காரர் எல்லோருக்கும் கண் எழுதுவது அவர்தான். அதனால்தான் அந்தப் பெயர். நான் அங்கே பேக்கிங் பொறுப்பு. கம்மாபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன்.

நான் சேருவதற்கு முன்பு ஒரு சமயம் ஊரே தன்னை வேவு பார்ப்பதாக மேஸ்திரிக்குத் தோன்றிவிட்டதாம். மனிதர்கள் பார்ப்பது போதாதென்று பொம்மைகளும் பார்க்கின்றன! மனிதர் என்ன செய்வார்? வரிசையாக எல்லாப் பொம்மைக்கும் கண்ணை மூடி இமை எழுதிவிட்டார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மங்கலம்பேட்டைக் கடைக்கார பாய் வந்து பார்த்து, தியானம் செய்கிற பிள்ளையார் என்று மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். அதிலும் முதலில் விற்றது தூங்கும் போலீஸ்காரர்தான். வாங்கிய யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

தனக்கு நடந்த வைத்தியங்களை ஓட்டல் சாப்பாட்டை விமர்சிப்பது போலச் சொல்லுவார். தாத்தாவின் தம்பியை இதே நோய்க்கு மாட்டுக்கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்களாம். தன் காலம் எவ்வளவோ முன்னேற்றம், வெறும் கயிறுதான் என்பார். தலையில் தேய்த்த எலுமிச்சம்பழத்தில் பொடுகு மட்டும் போனதாம். மூக்கில் விட்ட பச்சிலைச் சாற்றில் மூன்று நாள் தும்மலாம். வேப்பிலை அடிதான் கொஞ்சம் கஷ்டமாம்.

"பேயி எந்த ஊருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க தங்கச்சி. அடி தாங்காம கம்மாபுரம்னு சொல்லிட்டேன். மன்னிச்சிக்க."

அப்புறம் ஒரு டாக்டர் பழைய காலத்து ஊசி போட்டிருக்கிறார். பயம் போனது, கை நடுக்கம் வந்தது. அந்த வருஷம் எங்கள் ஷெட்டில் பிறந்த அத்தனை கிருஷ்ணருக்கும் மாறுகண். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமை வரும் மனநல டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டு சின்ன மாத்திரை, கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். "இத்தினி வருசத்துல, உனக்கு என்னப்பா பண்ணுதுன்னு என்னையே கேட்டது அவரு ஒருத்தருதான்" என்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பஸ் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும், இதோ செத்தோம் என்று தோன்றும். பாதி வழியில் இறங்கி நடந்தே வேலைக்குப் போவேன். இரண்டு தடவை ஈசிஜி எடுத்தும் இதயம் ஜம்மென்று இருந்தது. வயிற்றில் கேஸ் என்று ஊரே முடிவு கட்டியது. ஓமத் தண்ணீர், இஞ்சி மொரப்பா, கோலி சோடா என்று எனக்கு ஊற்றியதில் இல்லாத கேஸும் வந்துவிட்டது. இப்படியே லேட்டாக வந்தால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மனநல டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் அந்த வாசலில் என்னை யாராவது பார்த்துவிட்டால்? நான் வீடு திரும்பும் முன்பே சேதி கம்மாபுரம் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் நாத்தனாருக்கு மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வைக்கோல் கட்டின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "புதன்கெழம ஆஸ்பத்திரிக்கு எனக்குத் துணைக்கு வரியா தங்கச்சி? தனியா போக பயமா இருக்குது" என்றார்.

ஐயோ பாவம் என்று போனேன். அங்கே பெஞ்சில் ஒரு லாரி டிரைவர், ஒரு வாத்தியார், சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர். பேச்சுக் கொடுத்தால், கண்ணு மேஸ்திரிக்குத் துணைக்கு வந்தேன் என்றார் டிரைவர். வாத்தியாரும் அதையே சொன்னார். சவூதிக்காரரும் அதேதான். "நானும் மேஸ்திரிக்குத் துணைக்குதாம்மா" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எங்கள் முதலாளியின் குரல் வந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்து, மேஸ்திரிக்கு இன்றைக்கு எத்தனை துணை என்று கேட்டார். அஞ்சு என்றார் மேஸ்திரி.

"சரி, ஒவ்வொரு துணையா உள்ள போங்க."

எனக்கு இருப்பது பதற்ற நோய், சரியாகக் கூடியது என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், மாத்திரை எழுதினார். வெளியே வந்து, மேஸ்திரி எப்போது உள்ளே போவார் என்று நர்ஸைக் கேட்டேன். அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், இவராகத்தான் வாராவாரம் வருகிறார் என்றார். நான் போய் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் நான் கடைசி ஸ்டாப் வரை பஸ்ஸில் வந்தேன், ஜன்னல் சீட்டுக்குச் சண்டையும் போட்டேன். வீட்டில் மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் மேஸ்திரி சளி என்று சொல்லி இரண்டு புதன்கிழமை வரவில்லை. மூன்றாவது புதன் காலையில் பேக்கிங்குக்கு ஒரு பலகை நிறையப் பிள்ளையார் வந்தது. எல்லாப் பிள்ளையாருக்கும் கண் மூடியிருந்தது. புது டிசைன் என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பொம்மைகளையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நடுவில் குறுகி உட்கார்ந்திருந்தார். நல்லாத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். டீக்கடையில் அட்டையைத் தூக்கிக் காட்டிய மனிதர், தனக்கு ஒன்றுமில்லை, வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். சுற்றி மொத்த ஷெட்டும் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் நாலு பேர் கம்மாபுரம். நாத்தனார் ஞாபகம் வந்தது. சேதி போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"அண்ணே, நானும் மூளைக்குத்தான் மாத்திரை சாப்புடறேன். எட்டு மாசமாச்சு. இன்னிக்கு டாக்டர பாக்கணும். தனியா போக பயமா இருக்குது. துணைக்கு வரீங்களா?"

மேஸ்திரி என்னையே பார்த்தார். பிரஷ்ஷைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

"பயந்தா எப்படி தங்கச்சி? வா, நான் இருக்கேன்ல" என்று எழுந்தார்.

"இரும்மா, எனக்கும் இன்னிக்குதான்" என்றபடி முதலாளி பின்னாலேயே வந்தார். ஹெல்மெட்டை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

தை மாதத்துக்குள் மேஸ்திரி கையால் பிள்ளையார்கள் மறுபடி கண் விழித்தார்கள். நான் பயந்த மாதிரியே சேதி கம்மாபுரம் போயிற்று, மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிற்று. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாக அழைத்ததும், சம்பந்தம் போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன். "புதன்கெழம எத்தன மணிக்கு போவீங்க?" என்று அந்த அம்மா காதோடு கேட்டார்.

மேஸ்திரியும் நானும் இப்போதும் புதன்கிழமை தவறாமல் போகிறோம். எங்கள் இருவருக்குமே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும்.