புளியமரத்திடம் மாதம் இரண்டாயிரம் கேட்ட கதை

நமக்குச் செய்ய வராத காரியத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை. நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு "கையை வீசு, காலை உதை" என்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான்! நானும் அப்படிக் கரையில் நின்றவன்தான்.

ஜவ்வாது மலையில், காவலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் நானும் என் மனைவி செலினும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். கிறிஸ்தவ ஊழியம். சம்பளம் என்று ஒன்று கிடையாது. சொந்தக்காரர்கள், சபையார், பழைய நண்பர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, "மாதாமாதம் எங்களைத் தாங்குங்கள்" என்று கேட்க வேண்டும். அவர்கள் அனுப்புவதில்தான் எங்கள் அடுப்பு எரியும். இந்தக் கேட்கும் வேலைதான் எனக்கு வராது. போளூரில் வசதியாக இருக்கும் செலினின் தாய்மாமாவிடம் கேட்கவென்றே பலமுறை போய், ஒவ்வொரு முறையும் காபி குடித்து, அவருடைய மூட்டுவலியை நலம் விசாரித்துவிட்டு பஸ் ஏறித் திரும்பியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட என்னை, புதிய ஊழியர்களுக்கு ஆதரவு திரட்டுவது எப்படி என்று வியாழக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் பயிற்சி கொடுக்கும்படி எங்கள் அமைப்பு நியமித்தது. (என் ஞானத்தைப் பார்த்து அல்ல. எல்லாருக்கும் ஒழுங்காக லிங்க் அனுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.) நானோ, மோசே தன் கோலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது போல நடந்துகொண்டேன். "அன்பானவர்களே, வெட்கம் என்பது பெருமையின் தங்கச்சி" என்றெல்லாம் சொல்வேன். அவர்கள் அதை எழுதியும் வைத்துக்கொண்டார்கள், பாவம்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். ஊர் விவசாயி காளி அண்ணனின் நிலத்தின் ஓரத்தில் ஒரு பாறை, பாறையை ஒட்டி ஒரு பெரிய புளியமரம். போனை மரத்தின் கவட்டையில் செருகி வைத்தால் எல்லார் முகமும் தெரியும். கையில் எடுத்தால் எல்லாரும் சிலையாகிவிடுவார்கள். என் இயர்போன் வயரோ குட்டை. ஆகவே பாறைமேல் ஏறி, நுனிக்காலில் நின்று, கழுத்தை அண்ணாந்து, மரத்தைப் பார்த்தபடிதான் நான் தலைமை தாங்குவது வழக்கம். இயர்போனில் வலது காது வேலை செய்யாது. அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை.

அன்றைய பாடம், கேட்ட பிறகு என்ன செய்வது. "தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னதும் வாயை மூடுங்கள். எதிராளி பதில் சொல்லும்வரை மூச்சுகூடச் சத்தமாக விடாதீர்கள்" என்றேன். கணியம்பாடியிலிருந்து பேசிய ரூத் என்ற பெண், "அண்ணா, நீங்களே ஒருதடவ செஞ்சு காட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டாள். மறுக்க முடியுமா? ஜெபராஜ் என்ற தம்பியைப் போளூர் மாமாவாக நடிக்கச் சொன்னேன். அவன் பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மதிய வெயிலில் திரை கறுத்துப்போய் எதுவும் தெரியவில்லை. பரவாயில்லை என்று, புளியமரத்தை நோக்கி இரண்டு கையையும் விரித்து, சபையில்கூட வராத உருக்கத்தோடு ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். என் குடும்பத்தை நீங்கதான் தாங்கணும். பிள்ளைங்க படிக்கிற கொட்டகை ஒழுகுது. மாசம் இரண்டாயிரம் ரூபா குடுப்பீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு கரகரத்த குரல் கேட்டது. "இன்னா சார்... ரெண்டாயிரமா?"

அடடா, ஜெபராஜ் குரலைக்கூட மாற்றிவிட்டானே, மலைக்காரர் மாதிரியே பேசுகிறானே என்று பூரித்துப்போனேன். ஆனாலும் விதி விதிதான். பேசவில்லை. கை விரித்தது விரித்தபடி நின்றேன்.

"அவ்ளோ எங்க சார் போவேன்? இந்த வருசம் புளியே சுமார்தான்."

என்ன கற்பனை வளம்! நான் இன்னும் உருக்கமாக மேலே பார்த்தேன். என் மௌனம் அவனைப் பிழிவது எனக்கே தெரிந்தது.

"அப்டி பாக்காதீங்க சார், ஒரு மாதிரியா கீது... சரி, காசு இல்ல. வூட்ல சாமை கீது. மாசம் ஒரு மரக்கா தர்றேன். போதுமா?"

"அல்லேலூயா!" என்று கத்தினேன். "பார்த்தீர்களா? மௌனம் வேலை செய்கிறது!"

இடது காதில் ரூத், "மாமா வாய்ஸ் சூப்பர்ண்ணா!" என்றாள். உடனே அதே காதில் ஜெபராஜின் குரல் மூச்சிரைக்க வந்தது. "சாரிண்ணா, இவ்ளோ நேரமா நெட்டே இல்ல. எங்க விட்டோம்? மாமா இன்னும் பேசவே இல்லல்ல?"

அப்படியானால் அந்தக் கரகரத்த குரல் இயர்போனிலிருந்து வரவில்லை, வலது காதுப் பக்கம் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. புளியங்காய் ஒன்று தலையில் விழுந்தது. கிளைகளை விலக்கிக்கொண்டு, கையில் புளி உலுக்கும் கோலோடு காளி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஜெபம் பண்றீங்கன்னு சத்தம் போடாம குந்தியிருந்தேன் சார். அப்பறம் பாத்தா என்னையே பாத்துக் கேக்குறீங்க!"

மலைக்கு வந்த புதிதில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால், இந்த ஊரில் யாரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அதை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். இப்போது கையை விரித்து இரண்டாயிரம் கேட்டிருக்கிறேன். இது ஊருக்குள் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதறிப்போய், "ஐயோ அண்ணா, சும்மா! பயிற்சிக்காக நடிச்சேன்!" என்று உளறினேன்.

அவர் இறங்கி வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"அப்ப என்னைக் கேக்கலையா?"

"இல்லண்ணா. போளூர் மாமாவைக் கேட்டேன்."

"அவரு எங்க?"

"அவர் இதுல இல்ல. ஜெபராஜ்தான் மாமா."

"ஜெபராஜ் யாரு?"

"பஸ்ல போறான்."

அவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாமா என்பது போலப் பார்த்தார். "கொட்டகை ஒழுகுறது நெசமா, அதுவும் நடிப்பா?"

"அது நிஜம்தான்."

"என் பொண்ணும் அங்கதான் நனையுது. நான் யோசிச்சுத்தான் சார் வாய் திறந்து தர்றேன்னேன். சும்மான்றீங்களே" என்று சொல்லிவிட்டுக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கவட்டையில் இருந்த போனில் எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று நான் கற்பித்த மௌனத்தை அவர்கள் முழுமையாகக் கடைப்பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து செலினிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "குடுக்க வந்த மனுசனைப் போய் அவமானப்படுத்திட்டு வந்திருக்கீங்க. கெளம்புங்க" என்று சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போனாள். காளி அண்ணன் வாசலில் அவளே பேசினாள். "அண்ணா, இவருக்குக் கேக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. நீங்க சொன்ன சாமையைக் குடுங்க. எங்களுக்கு வேணாம், பிள்ளைங்களுக்குப் பொங்கி வைக்கிறேன். நீங்களும் வந்து சாப்பிடணும்."

அவர் என்னைப் பார்க்காமலே உள்ளே போய் மரக்காலை நிரப்பி எடுத்து வந்தார். "இந்தாம்மா. உங்க வூட்டுக்காரரை வெயில்ல ரொம்ப வுடாதீங்க" என்றார்.

சனிக்கிழமை வகுப்பில் சாமைப் பொங்கல். அவரோடு இன்னும் சில அப்பாக்கள் தார்ப்பாயோடு வந்து கொட்டகையை மூடினார்கள். வாக்கு தவறியதாக ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஊரில் அதற்குள் வேறு கதை பரவிவிட்டது: புளியமரத்துப் பேயிடம் சார் மாதம் இரண்டாயிரம் கேட்டாராம், பேய் சாமைதான் தருவேன் என்றதாம். ஒரு அம்மா எனக்கு மந்திரித்த கயிறுகூடக் கொண்டுவந்தார். நன்றி சொல்லி மறுப்பதற்குள் வியர்த்துவிட்டது.

அடுத்த வியாழன் அழைப்பில் எல்லாரும் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். பாடத்துக்காக அல்ல. "அண்ணா, இன்னைக்கு மரத்துல யாரு?" என்று ஜெபராஜ்தான் முதலில் கேட்டான்.

வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் நீட்டி முழக்கி ஏதாவது கேட்டால் போதும், அது ஒரு டம்ளர் தண்ணீராக இருந்தாலும் சரி, செலினும் என் மகளும் அசையாமல் நின்று கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். என்ன என்று கேட்டால், "பொறுங்கப்பா, மேலேருந்து பதில் வரும்" என்கிறாள் மகள்.