காற்றுக்கு முதுகு காட்டியவள்

பினாங்கில் காற்றைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் நடுச்சந்தையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அதை விசாரித்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். காற்றழுத்தத் தாழ்வையே பேசிப் பேசி ‘லோ பிரஷர்’ என்று பெயர் வாங்கிய எங்கள் தோழி.

விமானம் ஓட்டப் படித்த காலத்தில், ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நானும் அவளும் ஒரே அறை. புக்கிட் மெர்தாஜாம் பெண். வானிலைப் பாடம் எடுத்தால் எனக்குத் தலை சுற்றும். அவளுக்கோ இன்னும் கேட்கப் பசி எடுக்கும்.

ஒருநாள் நெரிசலான பஸ்ஸில், “இங்க பாருடி, நாம நசுங்கிக்கிட்டு நிக்கிறது ஹை பிரஷர். அந்தக் காலி சீட்டு லோ. அதப் பிடிக்க ஓடுறாங்க பாரு ஒரு ஆன்ட்டி, அவங்கதான் காத்து!” என்று உரக்க விளக்கினாள். காற்று உட்கார்ந்து எங்களை முறைத்தது.

இன்னொரு நாள் சந்தையில், “காத்துக்கு முதுகு காட்டி நில்லு. இடது கைப் பக்கம் லோ இருக்கும்” என்று கையை நீட்டினாள். நீட்டிய இடத்தில் காய்கறிக்கார அக்கா.

“யாரப் பாத்து லோ கிளாஸுன்னு சொல்ற?”

“ஐயோ, நீங்க இல்ல லா அக்கா! பின்னாடி, கடல் மேல!”

அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கிய பிறகுதான் அந்த அக்கா சாந்தமானார்.

ஆனால், தனியாகப் பறக்கும் முறை வந்தால் மட்டும் அவளுக்கு எங்காவது ஒரு தாழ்வழுத்தம் கிடைத்துவிடும். “கெடா பக்கம் மேகம் வளருது, இன்னிக்கு வேணாம்” என்பாள். மூன்று முறை தள்ளிப்போட்டாள். மூன்று நாளும் வெயில் கொளுத்தியது.

நான்காம் முறை வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. “இன்னிக்கு எங்கடி உன் லோ?” என்று சிரித்தேன். அவள் ஹெட்செட் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“பயமா இருக்குடி. படிச்சா பயம் போயிரும்னு நெனச்சேன். படிக்கப் படிக்க, மேல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. விமானம்வரை அவளுடன் நடந்தேன். ஏறினாள். ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி வந்தபோது முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

“அவ்ளோ அழகுடி! எனக்கு இது போதும்.”

மறுவாரமே பயிற்சியை விட்டுவிட்டு வானிலை படிக்கப் போய்விட்டாள். எனக்குத் தலை சுற்றவைத்த அந்த வானிலைப் பரீட்சையில் நான் தேறினேன். சொல்லிக் குதிக்க எதிர்க் கட்டிலில் ஆளில்லை.

இப்போது நான் துணை விமானி. அவள் சபாவில், ஒரு விமான நிலையத்தின் வானிலை அலுவலகத்தில். போன மாதம் முதல்முறையாக அங்கே இறங்கியதும் ஓடினேன். அன்றைக்கு அவள் லீவாம். பினாங்கிலிருந்து கொண்டுபோன ஜாதிக்காய் மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பறக்கக் கூப்பிடும்வரை அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.