பதினாலு கட்டையில் என் பெயர்

நூம்பல்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் இளங்கோ அவர்களுக்கும் அண்ணி அவர்களுக்கும் தங்கை செல்லியம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. முறையை விடக்கூடாது என்பதால் எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். அங்கே உங்கள் முட்டிவலி, அண்ணியின் சர்க்கரை எல்லாம் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நினைக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதாசி என்று கேட்பாய். போனில் நான் அழ ஆரம்பித்தால் "சரி சரி, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பேப்பர் என்றால் அப்படி வைக்க முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். அதுவும் இல்லாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச என்னால் முடியவில்லை அண்ணா. எழுதுவதென்றால் நாலு வரி எழுதிவிட்டு எழுந்து வாடியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம். இது வரைக்கும் எழுதுவதற்குள்ளேயே இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. உன் மாப்பிள்ளை போய் நாலு மாசம் ஆகிறது, இந்தப் பழைய மரவாடியை மொத்தமாகக் கேட்கிற ஆளிடம் தள்ளிவிட்டுத் திருத்தணிக்கு வந்து உங்களோடு இருக்கப்போகிறாயா, இல்லையா? பொங்கலிலிருந்து கேட்கிறாய். நானும் "பாக்கலாம்ணா, பாக்கலாம்ணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது சொல்கிறேன். சிரிக்காதே. அண்ணிக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் அவர்களையும் சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

அவர் இருந்தவரைக்கும் நான் வாடிக்குப் போனது மத்தியானச் சோறு கொண்டுபோகத்தான். இடிக்கிற வீடுகளிலிருந்து நிலை, கதவு, உத்திரம், ஜன்னல் சட்டம் என்று வாங்கிவந்து, ஆணியைப் பிடுங்கி, கழுவிக் காயவைத்து, புது வீடு கட்டுகிறவர்களுக்கு விற்பார் என்று தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சட்டையைத் துவைத்தால் தண்ணீர் துருக்கலரில் வரும் என்பதுதான். அவர் போனபிறகு போய் உட்கார்ந்தால், எல்லாக் கட்டையிலும் சாக்பீஸால் எழுத்து. நான் படித்த ஐந்தாவதை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'தே' என்றால் தேக்கு. 'வேங்' என்றால் வேங்கை. 'மா' மாமரம். 'பர்' என்றால் பர்மா தேக்கு என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று, அதற்குள் அதில் ஒரு சட்டத்தை மாமரம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன், வாங்கினவன் பேரம்கூடப் பேசாமல் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்புறம் பின்பக்கம் தகரத்தின் ஓரமாக, மற்ற மரத்தோடு ஒட்டாமல் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி ஒரு அடுக்கு இருந்தது. பூ செதுக்கிய நிலை ஒன்று, உத்திரம், பலகை எல்லாம் சேர்த்துப் பதினாலு உருப்படி. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் 'செல்' என்று எழுதியிருந்தது. செல் என்று ஒரு மரம் உண்டா அண்ணா? ரோட்டில் போகிற ஆசாரியைக்கூட நிறுத்திக் கேட்டேன், அப்படி மரமே இல்லை என்றான். அப்புறம்தான் எனக்குப் பளிச்சென்றது. அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். செல். செல்லி. செல்லியம்மாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், அந்த மனுஷன் என் பேரை எழுதி நான் பார்த்ததில்லை. கூப்பிடுவதே "இந்தாமே" என்றுதான். போனில் என் நம்பரை 'ஊடு' என்று போட்டு வைத்திருந்தார். வாடகை வீடு மாறி மாறி நான் சலித்துக்கொள்ளும்போதெல்லாம், "இருமே, நம்ம ஊட்டுக்குன்னு நல்ல மரமா ஒதுக்கறேன் பாரு" என்பார். இடம் வாங்கவே வழியில்லை, மரத்தை ஒதுக்கி எங்கே வைப்பது என்று நான் சண்டை போடுவேன். அந்த ஆள் சொன்னபடியே ஒதுக்கிவிட்டார், பதினாலு தடவை என் பேரையும் எழுதிவிட்டார், என்னிடம் மட்டும் சொல்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். இதை விட்டுவிட்டு நான் திருத்தணிக்கு எப்படி வருவேன், சொல்லு. பதினாலுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். காலையில் வாடியைத் திறந்ததும் ஊதுவத்தி கொளுத்தி, நேற்று யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒப்பிப்பேன். பக்கத்தில் மரம் அறுக்கிற மில் வைத்திருக்கிற நஜீர் பாயை உனக்குத் தெரியும், சாவு வீட்டில் ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாரே, அவர். ஒருநாள் வந்து அந்த அடுக்கைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இதுக்குப் போயி பொட்டு வெச்சிகீற?"

"எனக்குன்னு அவரு ஒதுக்கி வெச்சது பாய்."

"அப்டியா... சரிமா, சரிமா" என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். உள்ளுக்குள்ளே சினேகிதனை நினைத்து வேதனைப்படுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்சம் இரு, யாரோ ஜன்னல் கேட்டு வந்திருக்கிறார்கள்.

ஜன்னல் வாங்கவில்லை, அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே விட்டேன்? ஆங், பாய். அதற்கு அடுத்து நிவேதிதா. வேலப்பன்சாவடி பக்கம் வீடு கட்டுகிற கோயமுத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை. புது வீட்டுக்குப் பழைய நிலைதான் வைப்பேன் என்று பிடிவாதம். வந்தவள் நேராகப் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள்.

"ஏனுங்கக்கா, இத்தனை அழகான நிலையைப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்க? ஓட்டை ஓட்டையா, பாருங்க, எத்தனை நேச்சுரலா இருக்குதுங்க!"

"அது விக்கறதுக்கு இல்லம்மா."

"செல்லுன்னு எழுதியிருக்கீங்க, நம்பர் எழுதக் காணமுங்களே? யாராச்சும் புக் பண்ணிட்டாங்களா?"

"அது என் பேரும்மா."

"உங்க பேரு செல்லுங்களா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கு அடுத்த வாரம் புருஷனையும் கூட்டிவந்தாள். என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்றாள். என் புருஷன் எனக்கு எழுதி வைத்ததை உனக்குக் கொடுத்துவிட்டு நான் எதைக் கும்பிடுவது என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவள் கண்கூடக் கலங்கிவிட்டது. இப்படி விடாமல் கேட்கிறார்களே, எவனாவது தூக்கிவிடப் போகிறான் என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் பதினாலில் ஒரு பலகையை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் போட்டோவுக்குக் கீழே செங்கல் அடுக்கி அதன்மேல் போட்டேன். விளக்கு, பூ, அவர் மூக்குக்கண்ணாடி, காகிதங்கள் போட்டு வைத்த கவர், எல்லாம் அந்தப் பலகையின் மேல்தான்.

போன திங்கட்கிழமை வாடியின் கரண்டு மீட்டரை என் பேருக்கு மாற்ற வேண்டும் என்று ஆபீசுக்குப் போனேன் அண்ணா. கவரை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று அங்கே பிரித்தால், உள்ளே இருந்து பொடி கொட்டுகிறது. அவருடைய இறப்புச் சான்றிதழ் சல்லடை மாதிரி இருக்கிறது. அந்தக் கிளார்க் நல்ல மனுஷன், கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"ராமன்னு கீதேம்மா. மீட்டரு ஜெயராமன் பேர்ல இல்ல கீது? ரெண்டும் வேற வேற ஆளா?"

"ஒரே ஆளுதான் சார். ஜெயவை மட்டும் ஏதோ தின்னுட்டுது."

"மேல தலைப்பையும் காணோம். வெறும் சான்றிதழ்னு கீது. இன்னா சான்றிதழ்மா இது?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், 'இறப்பு' என்ற எழுத்து மொத்தமும் போயிருந்தது. அண்ணா, உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்த வரிசையில் நின்றுகொண்டு எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் இன்னொன்று எடுக்கலாம் என்று அவர் சொன்னதும் அந்தச் சந்தோஷமும் போயிற்று.

அழுதுகொண்டே வாடிக்கு வந்து பாயிடம் அந்தப் பேப்பரைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கோச்சுக்காத. செல்லுன்னா உம் பேரு இல்லம்மா. செல்லு. செல்லரிச்சது. கரையான் புடிச்ச கட்டை."

செல் அரித்துவிட்டது என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன் அண்ணா. ஆனால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் பேராகத்தான் தெரிகிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கரையான் என்றால் கரையான் என்று எழுதியிருக்க மாட்டாரா என்று சண்டைக்குப் போனேன்.

"மொதல்ல 'கரை'ன்னுதாம்மா எழுதினுருந்தான். லாரிக்காரன் அத்தப் பாத்துட்டு கரையான்சாவடி டெலிவரின்னு நெனச்சுகினு, ஏத்திகினு போயி அங்க ஒரு புது ஊட்டு வாசல்ல எறக்கிட்டான். அந்த ஊட்டுக்காரன் ரெண்டு நாள் இங்க வந்து ஆடினான் பாரு ஆட்டம்! அதுக்கப்புறம்தான் உம் புருஷன் 'செல்'லுன்னு மாத்தினான்."

"மாத்தும்போது என் பேரு ஞாபகத்துக்கு வந்து மாத்தியிருக்கலாம் இல்ல பாய்?"

"வந்திருக்கும்மா. கண்டிப்பா வந்திருக்கும்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், இரண்டு காதும் சிவந்துவிட்டது.

அப்படியானால் எதற்குத் தார்ப்பாய் போட்டு ஒதுக்கினார் என்று கேட்டேன். அவர் மறுபடி தலையைச் சொறிந்தார். நான் விடாமல் கேட்டபிறகு, "நம்ம குல்ஷன் நிக்காவுக்கும்மா. விறகு வாங்காத பாய், பிரியாணி அடுப்புக்கு இதுவே போதும், மழையில நனையாம மூடி வெக்கறேன்னான்" என்றார். குல்ஷன் பாயின் மகள், கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணா. இத்தனை நாளாக விறகு கேட்கத்தான் வந்து வந்து தலையைச் சொறிந்திருக்கிறார். "நீ ஊதுவத்தி ஏத்தி கும்பிட்டுகினு கீற, அத்த அடுப்புக்குக் குடுன்னு எந்த வாயால கேக்கறது?" என்கிறார். அன்றைக்கே எல்லாவற்றையும் முந்தானையால் துடைத்து, வீட்டிலிருந்த பலகையையும் சேர்த்து, பூ செதுக்கிய நிலையையும் பிளந்து அனுப்பிவிட்டேன்.

நல்ல மரம் எது, செல் அரித்தது எது என்று பாய் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நல்லது கணீர் என்கிறது, அரித்தது டொப் என்கிறது. அதிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை. வாடியில் இருக்கிற நானூறு கட்டையையும் தட்டிவிட்டேன். வீட்டு ஓனரின் கதவைத் தட்டினேன், அவர் திறந்து "இன்னாம்மா?" என்று கேட்டார், "ஒண்ணுமில்ல, கதவு நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் சீட்டைத் தட்டினேன். கோயிலில் உண்டியல் மேசையைத் தட்டினேன், பூசாரி முறைத்தார். ராத்தூக்கம் கிடையாது, பகலில் உட்காருவது கிடையாது. பேர் எழுதியிருக்கிறது என்று நம்பித்தான் இங்கே இருந்தேன், அதுவும் பேர் இல்லை என்றால் எனக்கு இங்கே என்ன வேலை?

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிக்காவில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன், நீ சாயங்காலம் லாரி எடுத்துக்கொண்டு வா. மொத்தமாகக் கேட்கிற ஆளையும் கையோடு கூட்டிவந்துவிடு. எதையும் ஒதுக்கி வைக்கப் போவதில்லை, எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். உங்கள் வீட்டு மூலையில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.

அண்ணன், அண்ணி பாதம் தொட்டுக் கும்பிடுகிறேன். அங்கே என்னைப் பெரியவள் என்று கும்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் நூறு வருஷம் நல்ல கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்று சொல்லு.

இப்படிக்கு,
பேர் எழுதப்படாத தங்கை,
ஜெ. செல்லியம்மாள்.

பின்குறிப்பு: இதைக் கவரில் போட்டு ஒட்டும்போது நிவேதிதா வந்து நின்றாள். அந்த நிலையைக் கடைசியாக ஒரு தடவை கேட்க வந்தாளாம். பிரியாணிக்குப் போய்விட்டது என்றேன், என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கொடுக்காததால் வேறு எங்கேயோ ஒரு நிலை வாங்கி டெம்போவில் ஏற்றிவந்திருக்கிறாள், சும்மா பார்த்துச் சொல்லுங்கக்கா என்றாள். பார்க்கும் முன்னே என் கை தட்டிவிட்டது. டொப். டெம்போக்காரன் "இன்னாக்கா, நல்ல மரத்தப் போயி!" என்று எகிறினான். கடப்பாரையை எடுத்து நிலையின் ஓரத்தில் ஒரு குத்து விட்டேன், பொலபொலவென்று வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டிற்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவள் வீட்டு வாசல் நிலை, ஆறு கதவு, பதினொரு ஜன்னல், எல்லாவற்றையும் நானே தட்டிப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வைகாசியில் கிரகப்பிரவேசமாம். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடு எழும்புகிறதாம், அவர்களையும் கூட்டிவருகிறாளாம்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. மொத்தமாகக் கேட்கிற ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடு. லாரிக்குச் சொல்லிவிட்டாய் என்றால் அது வரட்டும், ஆனால் காலியாக வரக்கூடாது. அண்ணியின் சித்தப்பா வீட்டை இடிக்கப் போகிறார்களாமே, அதன் உத்திரம் எல்லாம் என்ன மரம் என்று கேட்டுச் சொல். வேறு எவன் வந்து கேட்டாலும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம், முதலில் கேட்டது நான்தான் என்று அண்ணியிடம் அழுத்திச் சொல்லு.