இட்லிப்பூவுக்கு எத்தனை பேர்?

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை செடி விற்றவர்களில், வாங்க வந்தவருக்கே பரீட்சை வைத்தவர் பேர்க்காரர் ஒருவர்தான். முடிச்சூர் வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் நடுவில், அங்கே நர்சரி வைத்திருந்தார். செடியைத் தொட்டால் போதும், "உங்க வூட்ல இத்த இன்னான்னு சொல்வீங்க?" என்பார். பதில் சொன்னால்தான் வியாபாரம். "ரோஜா" என்ற ஒருவரை, "அது ஊருக்கே தெரியும், வேற?" என்று அரைமணி நேரம் நிற்கவைத்தார். கேட்ட பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அதனால்தான் எங்களுக்கு அவர் பேர்க்காரர்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரம் இட்லிப்பூச் செடி வைத்துக் கொடுத்தவரும் அவரே. அது கொத்துக் கொத்தாய்ச் சிவந்து நின்ற வருடம் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஏதோ புத்தகத்தில் அந்தப் பூவின் படத்துக்குக் கீழே 'இக்சோரா' என்று படித்துவிட்டார்.

"ஃபாரின் செடி சார். நம்ம மண்ணுக்கு ஆகாது. சண்டே எடுத்துடலாம்."

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். ஆனால் நர்சரிக்குப் போய்ப் பேர்க்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை கடப்பாரையோடு ஆள் வந்து நின்றபோது, பேர்க்காரர் மொபெட்டிலிருந்து இறங்கி, செடிகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல பேரு, அப்பாலிக்கா கடப்பாரை. யக்கா, உங்க ஊர்ல இத்த இன்னாம்பாங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

பால்கனியிலிருந்து கேரளத்து அம்மாள், "தெச்சி! எங்க கோயில்ல இது இல்லாம மாலையே கிடையாது" என்றார். பக்கத்து பால்கனித் தெலுங்குக்காரர், "நூறு வரஹாலு! நூறு தங்கக்காசு!" என்றார். தரைத்தளத்துத் தமிழாசிரியை செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "இது வெட்சிங்க! ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடின பூ!"

செயலாளர் விடவில்லை. "அப்ப இக்சோரா?"

பேர்க்காரர் துள்ளி எழுந்தார். "அது நம்ம ஈஸ்வரன் சார்! சாமிக்கு வெக்கிற பூவாச்சே. போர்ச்சுகல்காரன் வாயில ஈஸ்வரா இக்சோரா ஆய்ட்ச்சு. பேரே இங்கேர்ந்து போனதுதான். இத்தப் போய் ஃபாரின்றீங்களே!"

முதலில் கைதட்டியவர் கடப்பாரைக்காரர். பிறகு எல்லா பால்கனிகளும் தட்டின. செயலாளர் தன் கையாலேயே ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு வீட்டுப் பூஜையறைக்கு நடந்தார்.

அந்த ஆரவாரத்தில் நான் மெல்ல, "எங்க அம்மா விருச்சிப்பூன்னு சொல்லுவாங்க" என்றேன்.

பேர்க்காரர் திரும்பினார். அந்தப் பெயர் அவர் நோட்டில் இல்லை! செயலாளரை ஜெயித்தபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, "இன்னொரு தபா சொல்லு சார்" என்றார்.

அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் 'விருச்சி சார்'. அப்படிக் கூப்பிட இப்போது யாருமில்லை.